யானைக்கன்றின் படம்

நுழையும்முன்

படம் பேசுமா? உற்றுப் பார்ப்பவரிடம் பேசும். மும்பையில் பிறந்த ஒருவர் தம் கையாலேயே வரைந்த யானைக்கன்றின் படம் ஒன்று, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகக் குழந்தைகளைச் சிரிக்க வைத்து வருகிறது. அப்படத்தையும், அதை வரைந்தவரின் இளமைப் பருவத்தையும், அவர் தொலைத்த ஒரு செல்வத்தையும் இப்பாடத்தில் அறிவோம்.

படத்தில் இருப்பவை

ஆற்றங்கரையில் ஒரு யானைக்கன்று நிற்கிறது. நீரில் ஒரு முதலை கிடக்கிறது. கன்றின் மூக்கு முதலையின் வாய்க்குள் அகப்பட்டிருக்கிறது. முதலை நீரை நோக்கி இழுக்கிறது; கன்று கரையை நோக்கி இழுக்கிறது. இடையில் அகப்பட்ட மூக்கோ நீண்டுகொண்டே போகிறது! கன்றுக்கு உதவ மலைப்பாம்பு ஒன்று நீரில் விரைந்து வருகிறது.

இது வண்ணப்படம் அன்று. கறுப்பு மையால் வரைந்த கோட்டுப்படம். அக்காலத்தில் இத்தகைய படங்களை அச்சிடும் முறை எளிது. மையால் வரைந்த படத்தை ஒளிப்பட முறையில் துத்தநாகத் தகட்டின்மேல் பதிப்பர். கோடுகள் இல்லாத இடங்களை அமிலம் அரித்துவிடும். கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். அம்மேட்டில் மை தடவித் தாளை அழுத்தினால், வரைந்தபடியே படம் பதியும். வண்ணத்தில் அச்சிடுவதற்குச் செலவு மிகுதி.

படத்தை வரைந்தவர் அதனடியில் வேடிக்கையான குறிப்பு ஒன்றும் எழுதியுள்ளார். வண்ணம் தீட்டத் தமக்கு அனுமதி இல்லை என்று அதில் ஒரு சிறுவனைப் போலக் குறைபட்டுக் கொள்கிறார். படத்தின் கீழ்ப்பகுதியில் சிங்கம், தீக்கோழி, எருது, ஒட்டகம், செம்மறியாடு ஆகியவை இரண்டிரண்டாக ஒரு மரக்கலத்தை நோக்கி நடக்கின்றன. அவற்றோடு எலி போன்ற இரண்டு உயிரினங்களும் போகின்றன. அவை எலிகளா, பாறை முயல்களா என்பது வரைந்தவருக்கே ஐயம்! இவற்றுக்கெல்லாம் பொருள் எதுவும் இல்லை என்றும், அழகாக இருக்கும் என்று எண்ணியே சேர்த்ததாகவும் அவர் ஒப்புக்கொள்கிறார்.

அதே கதைக்கு அவர் இரண்டாவது படம் ஒன்றும் வரைந்தார். அதில், மூக்கு நீண்ட கன்று வாழைமரத்திலிருந்து பழம் பறிக்க முயல்கிறது. அப்படம் சிறப்பாக அமையவில்லை என்றும், யானையும் வாழைப்பழமும் வரைவதற்குக் கடினமானவை என்றும் அவர் எழுதியிருப்பதைப் படிக்கும் குழந்தைகள், தம் ஓவிய ஏட்டை நினைத்து ஆறுதல் கொள்வர்.

படத்தின் கதை

முற்காலத்தில் யானைகளுக்குத் தும்பிக்கை இல்லையாம். காலணி அளவில் ஒரு கொழுத்த மூக்குமட்டும் இருந்ததாம். ஆப்பிரிக்கக் காட்டில் வாழ்ந்த யானைக்கன்று ஒன்றுக்குக் கேள்வி கேட்கும் வேட்கை அடங்கவே இல்லை. தீக்கோழி அத்தையிடம் அவளது வாலிறகைப் பற்றிக் கேட்டது. ஒட்டகச்சிவிங்கி மாமாவிடம் அவரது புள்ளித்தோலைப் பற்றிக் கேட்டது. நீர்யானை அத்தையின் கண்கள் சிவந்திருப்பது ஏன் என்றது. கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் விடையாக அடிதான் கிடைத்தது.

ஒருநாள், முதலை இரவில் எதை உண்ணும் என்று கேட்டது. அடி முன்னிலும் பலமாக விழுந்தது. பறவை ஒன்றுமட்டும், லிம்போபோ ஆற்றுக்குச் சென்று நேரில் அறிந்துகொள் என்றது. கன்று வாழைப்பழம், கரும்பு, முலாம்பழம் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு புறப்பட்டது. உண்ட பழங்களின் தோலை வழியெங்கும் போட்டுக்கொண்டே சென்றது. குனிந்து எடுக்கத்தான் அதனிடம் கை இல்லையே!

ஆற்றில் மரக்கட்டைபோலக் கிடந்த ஒன்றிடம், முதலையைக் கண்டதுண்டா என்று பணிவுடன் கேட்டது. கிடந்ததே முதலைதான். விடையைக் காதோடு சொல்கிறேன் என்று அது அருகில் அழைத்து, கன்றின் மூக்கைக் கவ்விக்கொண்டது. அப்போது நிகழ்ந்த இழுபறியே நாம் கண்ட படம். மலைப்பாம்பு பின்னங்கால்களைச் சுற்றிக்கொண்டு உடன் இழுக்க, இறுதியில் முதலை விட்டுவிட்டது.

நீண்ட மூக்கு சுருங்கட்டும் என்று கன்று மூன்று நாள் காத்திருந்தது. அது சுருங்கவில்லை. அப்போது ஓர் ஈ வந்து கடித்தது. தன்னை அறியாமலே கன்று மூக்கை வீசி ஈயை அடித்தது. பிறகு புல்லைப் பிடுங்கி வாயிலிட்டது. சேற்றை அள்ளித் தலையில் பூசிக் குளிர்ந்தது. குறை என்று நினைத்தது கருவி என்று தெரிந்தது. திரும்பும் வழியில், வரும்போது போட்ட பழத்தோல்களை எல்லாம் அது பொறுக்கிக்கொண்டே சென்றதாம். ஊருக்குத் திரும்பிய கன்று, தன்னை அடித்த உறவினர்களுக்குப் புதிய மூக்கின் வலிமையைக் காட்டியது. பின்னர் அவர்களுள் யானைகள் அனைத்தும் அந்த ஆற்றுக்கே ஓடிப் புதிய மூக்குப் பெற்று வந்தன. அதன்பின் அங்கே யாரும் யாரையும் அடிப்பதில்லை.

வரைந்தவர் யார்?

இக்கதையை எழுதிப் படமும் வரைந்தவர் ரட்யார்ட் கிப்ளிங். அவர் 1865ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் மும்பையில் பிறந்தார். பிறந்த இடம் சர் ஜே.ஜே. கலைப்பள்ளியின் வளாகம். 1857இல் தொடங்கப்பட்ட அப்பள்ளியில் அவருடைய தந்தை லாக்வுட் கிப்ளிங் சிற்ப ஆசிரியராகப் பணியாற்றினார். கிப்ளிங் பிறந்த வீடு இப்போது இல்லை. அவ்விடத்தில் பின்னாளில் கட்டப்பட்ட பழைய மரவீடு ஒன்று நிற்கிறது.

மாட்டுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ புறநகர் இரயிலில் ஏறிச் சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் இறங்குவோர், நடந்தே அவ்வளாகத்தை அடையலாம். அருகில்தான் கிராஃபோர்டு சந்தை இருக்கிறது. இன்று அதன் பெயர் மகாத்மா ஜோதிபா புலே மண்டி. அதன் வாயிலின் மேலுள்ள கற்சிற்பங்கள் லாக்வுட் கிப்ளிங் வடிவமைத்தவை.

கிப்ளிங் முதுமையில் எழுதிய தன்வரலாறு, அவர் மறைந்தபின் 1937இல் வெளிவந்தது. அவருடைய நினைவில் முதன்முதலாக நின்ற காட்சி எது தெரியுமா? விடியற்காலை ஒளியும், தம் தோள் உயரத்தில் குவிந்திருந்த பொன்னிறக் கனிகளும் ஊதாநிறக் கனிகளும்தாம். தம்மை வளர்த்த ஆயாவுடன் மும்பையின் பழச்சந்தைக்கு நடந்து சென்ற நினைவு அது. யானைக்கன்று சுமந்து சென்ற வாழைப்பழங்களையும் முலாம்பழங்களையும் படிக்கும்போது, அச்சந்தையில் நின்ற சிறுவனையும் நினைத்துப் பார்க்கலாம்.

கிப்ளிங் 1907இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார். ஆங்கிலேயர் ஆட்சியைப் போற்றி அவர் எழுதிய கருத்துகள் ஏற்பதற்கு உரியவை அல்ல. ஆயினும், குழந்தைகளுக்காக அவர் சொன்ன கதைகளும் வரைந்த படங்களும் நாடு கடந்து நிற்கின்றன.

ஒரு சொல்லும் மாறக்கூடாது

இக்கதை 1900இல் ஓர் இதழில் வந்தது. பின்னர்ப் பிற கதைகளுடன் சேர்ந்து 1902இல் 'ஜஸ்ட் சோ ஸ்டோரீஸ்' என்னும் நூலாயிற்று. 'அப்படியே சொல்லவேண்டிய கதைகள்' என்று அப்பெயரைத் தமிழில் கூறலாம்.

அப்பெயருக்குக் காரணம் கிப்ளிங்கின் மூத்த மகள் ஜோசபின். உறங்கும் நேரத்தில் தந்தை அவளுக்குக் கதை சொல்வார். முதல்நாள் சொன்ன கதையை மறுநாள் சொல்லும்போது ஒரு சொல் மாறினாலும் அவள் ஒப்பமாட்டாள், விழித்துக்கொண்டு திருத்துவாள். கதையை அப்படியே சொல்லவேண்டும். 1899இல் அச்சிறுமி நோயுற்று, ஆறு வயதில் மறைந்தாள். யானைக்கன்றின் கதை அச்சில் வந்தபோது அவள் இல்லை. ஆனாலும் தந்தை, அருகில் ஒரு குழந்தை அமர்ந்து கேட்பதுபோலவே, அன்புடன் விளித்து விளித்து அக்கதையை எழுதியிருக்கிறார்.

சொல் இருந்தது; பொருள் இல்லை

சிறுவன் கிப்ளிங்கின் வீட்டில் இரண்டு மொழிகள் வழங்கின. தாய் தந்தையர் பேசியது ஆங்கிலம். ஆயாவும் பணியாளர் மீதாவும் பேசியது இந்துஸ்தானி. பகற்பொழுதின் வெப்பத்தில் உறங்கும்முன் அவர்கள் கதை சொல்வர், தாலாட்டுப் பாடுவர். மாலையில் சிறுவனுக்கு நல்லுடை அணிவித்து, பெற்றோரிடம் ஆங்கிலத்தில் பேசவேண்டும் என்று சொல்லி அனுப்புவர். அவனோ தான் நினைப்பதும் கனவு காண்பதும் ஆயாவின் மொழியில் என்பதால், அதை மனத்துக்குள் பெயர்த்துத் தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசினான்.

தாராவியின் சந்துகளில் வளரும் குழந்தைகளுக்கு இந்நிலை புதிதன்று. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தியும் இந்தியும், வகுப்பில் ஆங்கிலம். கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்குச் சென்றால், தொழுவத்தில் துள்ளும் சிற்றுயிரைக் காட்டி ஆச்சி கேட்கிறார்: "இது என்ன?" குழந்தையின் மனத்தில் 'பக்ரீ கா பச்சா' என்பது முதலில் வருகிறது. 'ஆட்டுக்குட்டி' என்பது சற்றுத் தாமதமாக வருகிறது. சில வேளை வராமலும் போகிறது.

கிப்ளிங்குக்கு நேர்ந்தது என்ன? 1871இல், ஆறு வயது நிரம்பும் முன்பே, அவரும் தங்கையும் படிப்பிற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். முன்பின் அறியாத ஒருவர் வீட்டில், பெற்றோரைப் பிரிந்து, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் வாழ்ந்தனர். அவ்வாழ்க்கை அவருக்குத் துன்பம் மிகுந்ததாக இருந்தது. ஆயாவின் மொழியில் பேச அங்கே யாருமில்லை.

1882இல், பதினாறு வயது இளைஞராக அவர் மீண்டும் மும்பையில் வந்து இறங்கினார். பழகிய காட்சிகள் கண்ணில் பட்டன. பழகிய மணங்கள் மூக்கில் ஏறின. உடனே அவர் வாயிலிருந்து பழைய மொழியின் வாக்கியங்கள் தாமாக வெளிவந்தன. ஆனால், தாம் சொல்வதன் பொருள் அவருக்கே தெரியவில்லை! இந்தியாவில் பிறந்து அவ்வாறே பிரிந்து சென்ற வேறு சிறுவர்களுக்கும் இது நேர்ந்தது என்று அவர் எழுதுகிறார்.

பதினோர் ஆண்டுகள் நாக்கு சொற்களைக் காத்து வைத்திருந்தது. பேசுவார் இல்லாமையால் பொருள்மட்டும் நழுவிப் போயிற்று. பேசாத மொழி ஒரே நாளில் அழிவதில்லை. முதலில் பொருள் போகும். பின்னர்ச் சொல்லும் போகும்.

உண்மைக் கன்றும் உழைத்தே பழகும்

கதையில் கன்றின் மூக்கை முதலை நீட்டியது. உண்மையில் யானை பிறக்கும்போதே தும்பிக்கையுடன் பிறக்கிறது. ஏறத்தாழ 22 மாதங்கள் தாயின் வயிற்றில் வளர்ந்து, 100 கிலோ அளவு எடையுடன் கன்று பிறக்கும். தும்பிக்கை என்பது மூக்கும் மேலுதடும் இணைந்து நீண்ட உறுப்பு. அதில் எலும்பே இல்லை, முழுவதும் தசையே.

ஆனால், புதிதாகப் பிறந்த கன்றுக்குத் தும்பிக்கையைப் பயன்படுத்தத் தெரியாது. அது தாய்ப்பாலை வாயால்தான் குடிக்கிறது. தும்பிக்கை அங்குமிங்கும் ஆடும். சில வேளை காலில் மிதிபடும். நீர் குடிக்கவும் கன்று முதலில் வாயையே நீரில் வைக்கும். தாயும் மற்ற பெண் யானைகளும் செய்வதைக் கண்டு, பல மாதங்கள் முயன்ற பின்னரே, புல்லைச் சுற்றிப் பிடுங்கவும் நீரை உறிஞ்சி வாய்க்குள் பீய்ச்சவும் அது கற்கிறது.

பிறப்பிலேயே வாய்த்த உறுப்பு என்பதால் அது தானே கையாகிவிடவில்லை, பழகியதால் கையாயிற்று. வீட்டுமொழியும் அத்தகையதே. அது பிறப்போடு வருகிறது. பழக்கத்தால்தான் கைக்கு அடங்குகிறது.

பழந்தமிழர் யானையைக் 'கைம்மா' என்றனர். கையுடைய விலங்கு என்பது அதன் பொருள். மும்பைத் தெருவில் கேட்கும் 'ஹத்தீ', 'ஹாத்தி' என்னும் சொற்களும் கையைக் குறிக்கும் 'ஹஸ்தம்' என்னும் வடசொல்லின் வழி வந்தவை. இரு மொழியினரும் ஒரே விலங்கில் ஒரே வியப்பைக் கண்டிருக்கின்றனர்.

கன்றின் பெயர்கள்

படத்திலுள்ள குட்டி விலங்கைத் தமிழில் எப்படி அழைக்கலாம்? தொல்காப்பியத்தின் மரபியல், இளமைப் பெயர்களைத் தொகுத்துக் கூறுகிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்பன அவை. எது எதற்கு உரியது என்பதையும் அது வகுத்துக் காட்டுகிறது. யானைக்குக் கன்று, குழவி என இரு பெயர்களும் உரியன. நாய், பன்றி, புலி, முயல், நரி ஆகியவற்றின் இளமைப் பெயர் குருளை. அணிலுக்கும் எலிக்கும் குட்டி. பறவைகளுக்குப் பார்ப்பும் பிள்ளையும். ஆட்டுக்கும் மானினத்துக்கும் மறி.

பிற்கால நிகண்டு நூல்களில் யானைக்கன்றுக்கே போதகம், கயந்தலை, துடியடி எனத் தனிப்பெயர்கள் உண்டு. அதன் பாதம் துடி என்னும் சிறுபறையைப் போன்றது, ஆதலால் துடியடி. சொல்லுக்குள்ளேயே ஒரு படம் இருப்பதைக் காண்க.

இளமைப் பெயர்கள் விலங்குகளோடு நிற்கவில்லை. தென்னையின் இளமை பிள்ளை. வாழையின் இளமை கன்று. கிப்ளிங்கின் இரண்டாவது படத்தில் யானைக்கன்று வாழைமரத்தின் அருகில் நிற்கிறது. தமிழறிந்த குழந்தை அதைப் பார்த்தால், யானையின் இளமையும் வாழையின் இளமையும் 'கன்று' என்னும் ஒரே பெயர் பெறுவதை நினைத்து மகிழும். அம்மகிழ்ச்சி படத்தை வரைந்தவருக்கே கிட்டாதது!

மராத்தியிலும் இத்தகைய வளம் உண்டு. பசுவின் கன்று 'வாசரூ'. வெள்ளாட்டின் குட்டி 'கரடூ'. சிங்கத்தின் குருளை 'சாவா'. மும்பைத் தமிழ்க் குழந்தைகளுக்கு இரண்டு வளங்களும் எட்டும் தொலைவில் உள்ளன. ஒன்றைக் கற்பதற்காக மற்றொன்றை விடவேண்டியதில்லை. படத்தில் இருபுறமும் இழுக்கப்பட்ட மூக்கு அறுந்துபோகவில்லை, நீண்டது. ஆனால், நீண்டதைப் பயன்படுத்தும் வேலை கன்றினுடையது. முதல் ஈயை அடிக்கும்வரை தன்னிடம் ஒரு கை இருப்பது அதற்கே தெரியவில்லை.

சொல்லும் பொருளும்

வேட்கை – பேரார்வம்
மரக்கலம் – கப்பல்
இழுபறி – இருபுறமும் மாறி மாறி இழுத்தல்
குருளை – நாய், புலி முதலியவற்றின் இளமைப் பெயர்
துடி – உடுக்கை போன்ற சிறுபறை
நிகண்டு – சொற்பொருள் கூறும் பழைய செய்யுள் நூல்

பயிற்சி

அ. பொருத்தமான இளமைப் பெயரால் நிரப்புக.
1. யானைக் ______
2. தென்னம் ______
3. அணிற் ______
4. புலிக் ______
5. வாழைக் ______

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கன்று வழியில் போட்ட பழத்தோல்களைத் திரும்பும்போது பொறுக்கியது. முன்பு ஏன் பொறுக்கவில்லை?
2. 'கைம்மா' என்னும் சொல்லை விளக்குக.
3. நூலுக்கு 'அப்படியே சொல்லவேண்டிய கதைகள்' என்னும் பொருளில் பெயர் அமைந்தது ஏன்?

இ. சிந்தித்து எழுதுக.
1. 1882இல் மும்பையில் இறங்கிய கிப்ளிங்குக்குச் சொல் நினைவிருந்தது, பொருள் நினைவில்லை. இது ஏன் நேர்ந்தது?
2. கேள்வி கேட்ட கன்றை உறவினர்கள் அடித்தனர். அவர்கள் செய்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. செய்து பார்க்க.
1. யானைக்கன்று ஒன்றைக் கறுப்புக் கோடுகளால் மட்டும் வரைக. படத்தின் அடியில், எதை வரைவது கடினமாக இருந்தது என்பதைத் தமிழில் இரண்டு தொடர்களில் எழுதுக.
2. ஊரிலுள்ள தாத்தாவிடமோ ஆச்சியிடமோ அலைபேசியில் பேசி, உமக்குத் தெரியாத இளமைப் பெயர்கள் மூன்றைக் கேட்டறிக. அவர் சொன்ன சொல்லை, ஓர் எழுத்தும் மாறாமல், அப்படியே ஏட்டில் எழுதுக. அதன் பொருளையும் கேட்டு அருகில் எழுதுக.